பள்ளியில் ஒரு வானிலைக் குறிப்பேடு: மதுரை வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளி மாணவர்களுக்கு வானிலையைக் கவனிக்கவும் பதிவுசெய்யவும் கற்றுக்கொடுக்க விரும்பும் ஆசிரியர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதற்கு முன் இப்பணியைச் செய்திராதவர்களை மனத்தில் கொண்டே ஒவ்வொரு படியும் விளக்கப்படுகிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளோடு செய்வதானால், வெப்பநிலைக் கணக்குகளை விட்டுவிட்டு வானம், காற்று, மழை ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் எல்லாக் கருவிகளையும் ஒரே வாரத்தில் வாங்கி வைத்துவிட்டு, பத்துக் கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை மாணவர் கையில் கொடுப்பதில் தொடங்கிவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பிரதேசத்தில் இருக்கும் இவ்வட்டாரத்தில் ஜூன் மாதம் மழைமானியை வைத்தால், நாள்தோறும் 0 என்று எழுதி எழுதிச் சலித்த பிள்ளைகள், மழை உண்மையாகவே வரும் நாளில் குறிப்பேட்டை மறந்திருப்பார்கள். ஆகவே எந்தப் பருவத்தில் எது நம் கண்முன் நிகழ்கிறதோ அதை அந்தப் பருவத்தில் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனி, ஆடியில் மேல்காற்று. ஆவணி, புரட்டாசியில் மாலை நேர இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழி, தையில் பனி. மாசிக்குப் பிறகு வெயில். ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பள்ளியாண்டுக்கு இந்த வரிசையே பாடத்திட்டமாக அமைந்துவிடுகிறது.

முதலில் குறிப்பேடு

எந்தக் கருவியும் வாங்குவதற்கு முன், கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கிவிடுங்கள். தனித்தாள்கள் தொலைந்துபோகும், கணினியில் நேரடியாக ஏற்றினால் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்பது தெரியாமல் போகும். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண்ணிட்டு, ஒரு நாளுக்கு ஒரு வரி என்று ஒதுக்கி, ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, பார்த்த நேரம், வானம், காற்று, மழை, வெப்பம், குறிப்பு, கையொப்பம் ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். தமிழ்த் தேதியையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசும்போது ஆடி, ஐப்பசி என்றே பேசுவார்கள். அந்தப் பேச்சைப் பிள்ளைகள் பின்னர் தங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

குறிப்பேட்டுக்கு மூன்று விதிகள் போதும். அவற்றை முதல் நாளே சொல்லி, ஆண்டு முழுவதும் தளர்த்தாமல் கடைப்பிடிக்க வேண்டும். எழுதுவது பேனாவால் மட்டுமே. தவறாக எழுதியதை அழிக்கவோ வெள்ளை பூசவோ கூடாது. ஒரே கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். மூன்றாவது விதி மிகவும் முக்கியமானது: பார்க்காத நாளுக்கு எதையும் நிரப்பக் கூடாது, “பார்க்கவில்லை” என்று எழுத வேண்டும். மழை பெய்யவில்லை என்பதும், மழைமானியை யாரும் பார்க்கவில்லை என்பதும் முற்றிலும் வேறான இரண்டு செய்திகள். இரண்டையும் 0 என்று எழுதிய குறிப்பேட்டிலிருந்து மாதக் கூட்டல் போட்டால் அது பொய்க் கணக்காகிவிடும். மதிப்பெண் குறைந்துவிடுமோ, ஆசிரியர் கடிந்துகொள்வாரோ என்ற அச்சத்தில்தான் பிள்ளைகள் விடுபட்ட இடங்களைக் கற்பனையால் நிரப்புகிறார்கள். ஆகையால் இந்தக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் போடவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள். விடுபட்ட நாளை ஒளிக்காமல் எழுதிய மாணவரை வகுப்பின் முன் பாராட்டுங்கள். அந்தப் பாராட்டு ஒரு பருவத்தின் பதிவுகளைக் காப்பாற்றும்.

பார்க்கும் பணியை இருவர் இருவராகப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் படிக்க, மற்றவர் அதே அளவைத் தாமும் படித்துச் சரிபார்த்த பிறகே எழுத வேண்டும். ஓர் இணைக்கு ஒரு வாரம் என்று முறை வைத்தால், வாரக் கடைசியில் அவர்களே காலை இறைவணக்கக் கூட்டத்தில் அந்த வாரத்து வானிலையைச் சொல்லலாம்.

நேரத்தைப் பற்றியும் தொடக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறது. முந்தைய நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை பெய்தது அன்றைய தேதியில் பதிவாகிறது. பள்ளியிலும் அதே நேரத்தைப் பின்பற்ற முடிந்தால், நாளிதழில் வரும் மழையளவோடு நேரடியாக ஒப்பிடலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில்தான் தொடங்கப்பட்டது. அத்திட்டம் நடக்கும் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் அந்நேரத்துக்கு முன்பே வந்துவிடுவதால் 8.30 அங்கே எளிது. மற்றப் பள்ளிகளில் 9.15 என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. ஆனால் தேர்வு நாளானாலும் விழா நாளானாலும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். தாமதமாகிவிட்டால் உண்மையில் பார்த்த நேரத்தையே எழுத வேண்டும்.

ஜூன், ஜூலை: காற்றிலிருந்து தொடங்குதல்

பள்ளி திறக்கும்போது மதுரையில் மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருக்கும். “ஆடிக் காற்றில் அம்மியும் நகரும்” என்ற பழமொழியைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள் என்பதால், பாடத்தை அங்கிருந்து தொடங்குவது இயல்பாக இருக்கும்.

காற்றின் திசையை எழுத வேண்டுமானால் முதலில் பள்ளி வளாகத்தில் திசைகளைச் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு மேலமாசி வீதி, கீழமாசி வீதி, வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி என்று மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களே திசைகளை உணர்த்திவிடும். வளாகத்துக்குள் வடக்கைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க, சமதளத்தில் ஒரு மீட்டர் உயரக் கழியைச் செங்குத்தாக நட்டு, முற்பகல் 11 மணியளவில் அதன் நிழலின் நுனியைக் குறித்து, கழியை மையமாகக் கொண்டு அந்த நிழலின் நீளத்தில் கயிற்றால் ஒரு வட்டம் வரையுங்கள். நண்பகலுக்குப் பிறகு நிழல் மீண்டும் நீண்டு அந்த வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறித்து, இரு புள்ளிகளையும் இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடாகும். முதலில் குறித்த புள்ளி மேற்கு. இதைச் செய்யும்போது பிள்ளைகள் ஒரு வியப்பைக் காண்பார்கள். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வடக்கு அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாத நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். நண்பகல் என்பதும் கடிகாரத்தின் 12 மணியன்று. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுவதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.15 மணியையொட்டித்தான்.

திசை குறித்தபின், மூங்கில் கழியின் உச்சியில் மெல்லிய துணிப் பட்டை ஒன்றைக் கட்டிக் கட்டடங்களிலிருந்து விலகிய இடத்தில் நடுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரையே எழுத வேண்டும். பட்டை கிழக்கு நோக்கிப் பறந்தால் அது மேல்காற்று. தொடக்கத்தில் பாதிப் பிள்ளைகளாவது இதை மாற்றி எழுதுவார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று சொல்லிக்கொடுத்தால் குழப்பம் நீங்கிவிடும்.

காற்றின் வலிமைக்குக் கருவி தேவையில்லை. கடலோடிகளுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் வகுத்த அளவுகோலை நம் ஊர் அடையாளங்களோடு பயன்படுத்தலாம். சத்துணவுக் கூடத்துப் புகை நேராக மேலே எழுந்தால் 0. புகை சாய்ந்தால் 1. முகத்தில் காற்று படுவது தெரிந்து வேப்பிலைகள் சலசலத்தால் 2. சிறு கிளைகளின் நுனிகள் இடைவிடாமல் ஆடிக் கொடி விரிந்து பறந்தால் 3. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 4. சிறு மரங்கள் முழுவதும் ஆடினால் 5. குடை பிடிப்பது கடினமாகிப் பெருங்கிளைகள் அசைந்தால் 6. நான்காம் எண்ணின் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். அரச மரத்தை மட்டும் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். அதன் இலைகள் மிக மெல்லிய காற்றிலும் நடுங்குவதால் எல்லா நாளும் காற்று மிகுந்த நாளாகவே தோன்றும்.

ஆகஸ்ட்: வானத்தைப் படித்தல்

காற்றை எழுதுவது பழகிவிட்ட பிறகு மேகங்களுக்கு வரலாம். மேகம் எவ்வளவு என்பதை எட்டில் இத்தனை பங்கு என்று எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். வானிலுள்ள எல்லா மேகங்களையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டால் வானத்தின் எத்தனை பங்கு நிறையும் என்று கேளுங்கள். ஒரு துண்டு மேகமும் இல்லையென்றால் 0, முழுவதும் மூடியிருந்தால் 8. இணையில் இருவரும் தனித்தனியே மதிப்பிட்டுப் பின்னர் ஒப்பிட வேண்டும். ஒரு பங்கு வேறுபாடு இயல்பானது, மூன்று பங்கு வேறுபட்டால் மீண்டும் பார்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் நினைவூட்டுங்கள்.

மேக வகைகளில் பாடநூலில் உள்ள கீற்று, படை, திரள், கார்திரள் ஆகிய நான்கு பெயர்களே முதலாண்டுக்குப் போதும். அவற்றிலும் திரள் மேகம் கார்திரளாக வளர்வதைக் காண்பதில் மிகுந்த நேரத்தைச் செலவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் காலையில் தெளிவாக இருக்கும் வானத்தில் 11 மணியளவில் பஞ்சுப் பொதிகள் முளைத்து, பிற்பகல் 2 மணிக்கு மேல் அவை உயர்ந்து அடிப்பாகம் கறுத்து, மாலையில் இடியோடு இறங்குவதைப் பல நாட்களில் காணலாம். நிலம் சூடேறி, ஈரமான காற்று மேலெழுந்து குளிர்வதே இதன் காரணம். இதைக் காட்டுவதற்குக் காலைப் பதிவு மட்டும் போதாது. மதிய உணவு இடைவேளையிலும் பள்ளி விடும் நேரத்திலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பிள்ளைகள், “மேகம் கறுத்திருக்கிறது, மழை வரும்” என்று எழுதத் தொடங்குவார்கள். அந்த வரியின் முதற்பாதி கண்டது, இரண்டாம் பாதி கருதியது. கண்டதை வானம் என்ற கட்டத்திலும், கருதியதைக் குறிப்பு என்ற கட்டத்தில் “எதிர்பார்ப்பு” என்று தலைப்பிட்டும் எழுதச் செய்யுங்கள். எதிர்பார்ப்பைத் தடைசெய்ய வேண்டியதில்லை. மறுநாள் அது பலித்ததா என்று பார்ப்பதில் பிள்ளைகளுக்குப் பெரும் ஈடுபாடு உண்டு. இரண்டும் கலந்துவிடாமல் இருந்தால் போதும்.

மொட்டை மாடி உள்ள பள்ளிகளில், தொலைவுப் பார்வையையும் சேர்த்துக்கொள்ளலாம். மதுரையைச் சுற்றிலும் ஆனைமலை, திருப்பரங்குன்றம், நாகமலை, அழகர்மலை என்று வெவ்வேறு தொலைவில் குன்றுகள் நிற்பது இதற்கு வாய்த்த வசதி. வரைபடத்தில் பள்ளியிலிருந்து ஒவ்வொன்றின் தொலைவையும் அளந்து வைத்துக்கொண்டு, இன்று எந்தக் குன்று வரை தெளிவாகத் தெரிகிறது என்று எழுதினால், மழைக்குப் பிந்தைய காலையும் மார்கழி மூடுபனியும் போகிப் புகையும் எண்களாகவே வேறுபட்டு நிற்கும்.

மழையை அளத்தல்

மழையளவு என்பது, விழுந்த நீர் ஓடாமலும் வற்றாமலும் நிலத்தில் அப்படியே நின்றிருந்தால் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றிருக்கும் என்பதாகும். இதைப் பிள்ளைகள் உள்வாங்கிக்கொள்ள, ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர் என்பதைத் தரையில் சதுரம் வரைந்து காட்டுங்கள். நம் பகுதி விவசாயிகள் “ஓர் உழவு மழை” என்று சொல்வது மண்ணில் இறங்கிய ஈரத்தைக் கொண்டு கணிப்பது. மழைமானி சொல்வது விழுந்த நீரின் அளவு. விவசாயி ஒருவர் உழவு மழை என்று சொல்லும் நாளில் மழைமானி எத்தனை மி.மீ. காட்டியது, அந்த வயல் செம்மண்ணா கரிசலா என்று கேட்டெழுதி வருவது சிறந்த பணியாகும்.

மழைமானியைப் பள்ளியிலேயே செய்யலாம். வாயின் உட்புறக் குறுக்களவு 11.3 சென்டிமீட்டர் உள்ள புனல் கிடைத்தால் அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர்; அப்போது புட்டியில் சேரும் ஒவ்வொரு 10 மில்லிலிட்டரும் 1 மி.மீ. மழையாகும். வேறு அளவுப் புனலானால், சேர்ந்த நீரின் மில்லிலிட்டரைப் புனல் வாயின் பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள புனலின் பரப்பு 78.5, அதில் 157 மில்லிலிட்டர் சேர்ந்திருந்தால் மழை 20 மி.மீ. புனலின் காம்பை இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் வாயில் செருகி, இடைவெளியை அடைத்து, புட்டி சாயாதவாறு பாதி புதைத்த வாளிக்குள் நிறுத்தினால் கருவி தயார். பெருமழை நாளில் புட்டி நிரம்பி வழிந்தால் வழிந்த நீரைப் பிடிக்க, புட்டியைச் சுற்றி அகன்ற பாத்திரம் ஒன்று இருப்பது நல்லது. நீரை அளக்க அறிவியல் ஆய்வகத்தின் அளவுசாடி போதும்; சிறிய அளவுகளுக்கு ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சு இன்னும் துல்லியமானது.

வைக்கும் இடம் கருவியைவிட முக்கியமானது. சுவர், மரம், தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தொலைவு தள்ளி வைக்க வேண்டும். ஆறு மீட்டர் உயர வேப்ப மரம் இருந்தால் பன்னிரண்டு மீட்டர் விலக வேண்டும் என்று பிள்ளைகளே அளந்து இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சரிமட்டமாக இருக்க வேண்டும். சுற்றிலும் சிமெண்டுத் தளமாக இருந்தால் நீர் தெறித்து உள்ளே விழும். மண்ணோ புல்லோ உள்ள இடமே ஏற்றது. நகர்ப் பள்ளிகளில் மொட்டை மாடியைத் தவிர வேறு இடமில்லையென்றால், கைப்பிடிச் சுவரிலிருந்து விலக்கி நடுவில் வையுங்கள். மாடியில் காற்று மிகுதியாக இருப்பதால் அளவு சற்றுக் குறையக்கூடும் என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

மழை வருவதற்கு முன்பே பயிற்சி கொடுத்துவிடலாம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் 100 சதுர சென்டிமீட்டர் புனலில் 85 மில்லிலிட்டர் நீரை ஊற்றி வையுங்கள். ஒவ்வோர் இணையும் தனித்தனியே அளந்து 8.5 மி.மீ. என்று சொல்ல வேண்டும். நீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பயிற்சியிலேயே கற்றுக்கொள்வார்கள்.

அளந்தவுடன் நீரைக் கொட்டிவிட்டுக் கருவியை உடனே திரும்ப வைக்க வேண்டும். மழையில்லாத நாளிலும் திறந்து பார்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய தெளிந்த தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது. மண் நனைந்தும் அளக்கும்படி நீர் சேராத நாட்களில் 0 என்று எழுதாமல் “தூறல்” என்று எழுதச் செய்யுங்கள். சனி, ஞாயிறு பெய்த மழையைத் திங்கட்கிழமை அளந்தால், அதை மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து எழுதாமல், திங்கட்கிழமை வரியில் “மூன்று நாள் மொத்தம்” என்று குறித்து முழு அளவையும் எழுத வேண்டும். மாதக் கூட்டல் அப்போதுதான் சரியாக இருக்கும். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் மாணவர் ஒருவர் பெற்றோர் துணையோடு விடுமுறை நாளிலும் வந்து பார்க்க முடிந்தால் மிகவும் நல்லது. ஆனால் அதைக் கட்டாயமாக்கக் கூடாது.

மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெய்கிறது, அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று கணக்கிடும், 64.5 மி.மீ. தொடங்கிக் கனமழை, 115.6 தொடங்கி மிகக் கனமழை, 204.4க்கு மேல் அதி கனமழை. தொலைக்காட்சியில் இச்சொற்களைக் கேட்கும் பிள்ளைகள் தங்கள் புட்டியில் சேர்ந்த நீரைக் கொண்டு அவற்றை அளந்து பார்க்கட்டும். மழைக்காலத்தில் மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி, சோழவந்தான், விமான நிலையம் என்று இடவாரியாக மழையளவு நாளிதழ்களில் வெளிவரும். அவற்றை வெட்டி ஒட்டி, உங்கள் பள்ளியின் அளவை அருகில் எழுதுங்கள். தல்லாகுளத்தில் கொட்டித் தீர்த்த மாலையில் திருப்பரங்குன்றத்தில் மண் நனையாமல் இருப்பதைக் கண்ட பிள்ளைக்கு, தன் பள்ளியில் ஏன் தனியாக ஒரு மழைமானி வேண்டும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

ஆற்றையும் மழையையும் ஒன்றாகக் கருதும் வழக்கத்தையும் இங்கே திருத்த வேண்டும். வைகையில் வெள்ளம் வருவதற்கு மதுரையில் மழை பெய்திருக்க வேண்டியதில்லை. தேனி மாவட்டத்து மலைகளில் பெய்த மழையும், முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வரும் நீரும், 71 அடி உயரம் வரை நீர் தேக்கக்கூடிய வைகை அணையின் நீர் திறப்பும் அதைத் தீர்மானிக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் ஆற்றின் நீரும் அணையிலிருந்து திறந்துவிடப்படுவதே. குறிப்பு என்ற கட்டத்தில் ஆற்றின் நிலையை எழுதலாம். மழைக் கட்டத்தில் மழைமானி காட்டியதைத் தவிர வேறு எதுவும் இடம்பெறக் கூடாது.

இடி மின்னலின்போது

இதில் சலுகையே கூடாது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணச் சொல்லுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடிகள் ஆகும். எண்ணிக்கை 30 நொடிக்குள் இருந்தால் எல்லாரும் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை யாரும் வெளியே வரக் கூடாது. மரத்தடியிலும் மொட்டை மாடியிலும் திறந்த மைதானத்திலும் நிற்கவே கூடாது. அளக்கும் நேரத்தில் இடி இருந்தால் அளப்பதைத் தள்ளிவைத்து, தாமதத்தின் காரணத்தைக் குறிப்பில் எழுதினால் போதும்.

மார்கழியும் தையும்

மழை ஓய்ந்தபின் காலையில் புல் நனைந்திருக்கிறதா, எந்தக் குன்று தெரியவில்லை, எத்தனை மணிக்குத் தெரிந்தது என்பவற்றை எழுதலாம். இந்தக் குளிர்ந்த மாதங்களில் ஈரப்பதத்தை அறிமுகப்படுத்துவது எளிது. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழைக் கஞ்சி போக அலசிய பழைய வேட்டித் துணியால் சுற்றி, துணியின் நுனி ஒரு சிறு மூடிய நீர்க்கிண்ணத்தில் தோய்ந்திருக்கும்படி செய்யுங்கள். நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேறுபாடு தோன்றும். உலர்குமிழ் 30 டிகிரியும் ஈரக்குமிழ் 25 டிகிரியும் காட்டினால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 66 விழுக்காடு. மற்ற அளவுகளுக்கு உரிய அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். உப்பு நீரில் துணி விரைவில் விறைத்துவிடுமாதலால் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

மாசிக்குப் பின்: வெப்பம்

காற்றின் வெப்பநிலையை அளப்பது பார்வைக்கு எளிதாகத் தெரிந்தாலும், பள்ளிகளில் மிகுதியாகப் பிழை நேர்வது இதில்தான். வெயில் பட்ட வெப்பமானி தன் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டைக் காட்டாது. வானிலை நிலையங்களில் சட்டமிட்ட பலகைச் சுவர்களைக் கொண்ட வெள்ளைப் பெட்டிக்குள் தரையிலிருந்து சுமார் 1.25 மீட்டர் உயரத்தில் வெப்பமானியை வைப்பது இதற்காகவே. பள்ளித் தச்சு வேலைக்கு வழியிருந்தால் அத்தகைய பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளும் புறமும் வெள்ளைப் பூச்சு அடித்து, மண் தரையில் நிறுத்தலாம். இயலாதபோது, காற்றோட்டமான தாழ்வாரத்தில் சுவரைத் தொடாமல் தொங்கவிடுங்கள். வடக்குச் சுவரில் வெயில் படாது என்ற பொது அறிவுரை மதுரைக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை பொருந்தாது. அந்த மாதங்களில் சூரியன் வடக்கே இருப்பதை ஜூன் மாத நிழலிலேயே பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். தகரக் கூரைத் தாழ்வாரத்தை அறவே தவிர்க்க வேண்டும்.

உடைந்தால் நச்சு பரவும் என்பதால் பாதரச வெப்பமானி வேண்டாம். சாராய வெப்பமானியோ, உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைத்துக்கொள்ளும் மின்னணு வெப்பமானியோ போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. வாங்கியதும் நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்துச் சுமார் 0 காட்டுகிறதா என்று சரிபார்த்து, வேறுபாடு இருந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கும்போது மூச்சுக்காற்றின் சூடு படாமல் இருக்க, தசம இலக்கத்தை முதலில் விரைந்து படித்துப் பின்னர் முழு எண்ணைப் படிப்பது நல்ல பழக்கம். தாழ்வைக் காலையிலும் உச்சத்தைப் பள்ளி விடும் நேரத்திலும் எழுதுங்கள்.

கோடையில் செய்திகள் “வெயில் சதம் அடித்தது” என்று சொல்வது பாரன்ஹீட் கணக்கு. 100 பாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ், 104 என்பது 40 செல்சியஸ். வீட்டில் கேட்பதையும் பள்ளியில் அளப்பதையும் பிள்ளைகள் இணைத்துக்கொள்ள, இந்த மாற்றத்தைக் கணக்குப் பாடமாகவே நடத்தலாம். கொடைக்கானல் நம்மைவிடச் சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்ற பொது விதிப்படி அங்கே எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும் என்று கணித்து, மறுநாள் செய்தித்தாளில் வரும் அளவோடு ஒப்பிடச் செய்யுங்கள்.

எழுதியதைப் பயன்படுத்துதல்

ஒவ்வொரு மாத இறுதியிலும் மொத்த மழை, மழை நாட்கள், பார்க்காத நாட்கள் ஆகிய மூன்றையும் வரைபடத் தாளில் குறிக்க வேண்டும். மூன்றாவது எண்ணை மறைக்காமல் மற்ற இரண்டின் அருகிலேயே எழுதுங்கள். பள்ளிக் கூரையின் பரப்பு 200 சதுர மீட்டர் என்றால் 25 மி.மீ. மழையில் அதில் விழுந்தது 5000 லிட்டர். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி உங்கள் பள்ளியில் அந்த நீரை வாங்கிக்கொள்கிறதா என்று நேரில் சென்று பார்க்கலாம்.

மழையைப் பற்றிய பழமொழிகளைச் சோதிப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். “அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்” என்பதை எடுத்துக்கொள்வோம். ஈசல் வந்து மறுநாளுக்குள் மழை பெய்தது, ஈசல் வந்தும் பெய்யவில்லை, ஈசல் வராமலே பெய்தது, இரண்டும் இல்லை என்று நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு நாளையும் ஏதேனும் ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். முதல் கட்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பழமொழி மெய் என்றோ, இரண்டாம் கட்டத்தை மட்டும் கண்டு பொய் என்றோ முடிவுசெய்வது முறையாகாது. நன்றாகச் செய்யப்பட்ட இத்தகைய ஆய்வைத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பலாம். 1993 முதல் நடந்துவரும் அம்மாநாட்டில் உள்ளூரில் பிள்ளைகள் தாமே திரட்டிய தரவுகளுக்கு நல்ல மதிப்புண்டு.

ஓராண்டுப் பதிவை வைத்துக்கொண்டு “மழை குறைந்துவிட்டது” என்றோ “வெயில் கூடிவிட்டது” என்றோ எழுத அனுமதிக்காதீர்கள். வானிலைத் துறை ஓர் இடத்தின் வழக்கமான அளவைச் சொல்வதற்கே 30 ஆண்டுகளின் பதிவுகளைச் சராசரியாக்குகிறது. ஆகவே குறிப்பேடு ஓர் ஆசிரியரோடும் ஒரு வகுப்போடும் முடிந்துவிடாமல் இருக்க ஏற்பாடு தேவை. மார்ச் மாதத்திலேயே கீழ் வகுப்பிலிருந்து நான்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஏப்ரலில் இரண்டு வாரங்கள் பழைய இணையும் புதிய இணையும் தனித்தனியே அளந்து ஒரே பக்கத்தில் எழுதச் செய்யுங்கள். இருவரின் எண்களும் ஒத்துவரும் வரை பழையவர்கள் விலகக் கூடாது. கருவிகள் நிற்கும் இடத்தின் வரைபடம், புனலின் பரப்பு, வெப்பமானியின் திருத்தம், அளக்கும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். கோடை விடுமுறையில் யாரும் பார்க்க முடியாதென்றால் மழைமானியைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, மே மாதப் பக்கத்தில் “விடுமுறை, பார்க்கவில்லை” என்று எழுதிக் கையொப்பமிட்டு மூடுங்கள்.